உள்தாழ்ப்பாள் போட்ட உரிமை

தையல்காரருக்குச் சொந்தமென்று உலகத்தில் ஒரே ஓர் இடம்தான், வீட்டுக் கழிவறை. கடை வாடகைக்கு எடுத்தது. வீடு மனைவியின் ராஜ்ஜியம். கழிவறைக்கு மட்டும்தான் உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. காலையில் செல்போனோடு நுழைந்தால் ஒரு மணி நேரத்துக்கு மனுஷர் யாருக்கும் கிடைக்கமாட்டார். பால் பொங்கட்டும், குழாயில் தண்ணீர் நிற்கட்டும், அவருக்கென்ன?

அதற்குத்தான் டாக்டரம்மா வேட்டு வைத்தார். உட்கார்ந்தால் எரிகிறதே என்று போனவரிடம், இப்படியே விட்டால் மூலத்தில் கொண்டுபோய் விடும் என்றார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கீரை, பழம் சாப்பிட வேண்டும், தைக்கும்போது நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும். இதுவரைக்கும் தையல்காரர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

"முக்கியமா, போனை உள்ள எடுத்துட்டுப் போகாதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல உட்காரக்கூடாது."

தலையில் இடி விழுந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் டாக்டர் பேச்சை அங்கே வெட்டி, இங்கே ஒட்டி, தன் அளவுக்குத் தைத்துக்கொண்டார்.

"டாக்டர் என்னங்க சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"அவசரப்பட்டாதான் மூலம் வருமாம். ஒரு மணி நேரமாவது நிதானமா உட்காரணுமாம். போன் பாத்தா மனசு லேசாகுமாம்."

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டாக்டரே சொன்னால் சரிதான் என்று அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். சண்டை போடாத மனைவியைப் பார்த்துத் தையல்காரர் பயந்திருக்க வேண்டும். மடையர், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மறுநாள் உட்கார்ந்ததுதான் தாமதம், போன் அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, காலைல ஒரு மணி நேரம் நீங்க சும்மாதான் இருப்பீங்களாமே?"

மூட்டுவலியில் ஆரம்பித்த மாமியார், அடுத்த வீட்டு மருமகளை முடிப்பதற்குள் தையல்காரருக்குக் கால் மரத்துப்போனது. வேலை இருக்கிறது என்று தப்பிக்கவும் வழியில்லை. தினமும் இதே கச்சேரி. கடைசியில் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, ஐந்தே நிமிஷத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்தார். அப்போதும் அது அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து தெருத்தெருவாக நடந்தார். கொஞ்ச நாளில் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

ஏக்கம்தான் போகவில்லை. ஒருநாள் சாயங்காலம், யாருக்கும் தெரியாமல் மாமியார் நம்பரிலிருந்து அழைப்பே வராதபடி போனில் தடுத்து வைத்தார். இனி யார் கேட்பது? விடிந்ததும் போனும் கையுமாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கழிவறைக்கு நடந்தார்.

கதவு தாழிட்டிருந்தது. உள்ளே மாமியார் யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நேத்து ராத்திரி உங்க போன் கிடைக்கலன்னு பதறிப்போய், முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்துட்டாங்க," என்றாள் மனைவி.

தையல்காரர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். "எப்ப வெளிய வருவாங்க?"

"ஒரு மணி நேரம் ஆகுங்க. டாக்டர் சொன்னதா நீங்க சொன்னதை அப்படியே அவங்ககிட்ட சொல்லிட்டேன். நிஜமா என்ன சொன்னாங்கன்னு வேணா, நீங்களே கதவைத் தட்டிச் சொல்லுங்களேன்."