புது உரலில் அரைத்த சால்சாவும் சம்பந்தியம்மாளின் பல்லும்

மக்தலேனாவில் வாழும் மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாள் எவாங்கெலினா அவர்களுக்கு, ஊரெஸிலிருந்து லிப்ராதோ நொரியேகா தொப்பியைக் கழற்றி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி ரெஃபூஹியோவும் மகள் யெசெனியாவும் நலம். தங்கள் நலத்தையும், முக்கியமாகத் தங்கள் பல்லின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

ஞாயிறன்று மகன் எரிபெர்த்தோவோடு முறைப்படி பெண் கேட்டு வந்து, நான் சமைத்த காலைச் சாப்பாட்டையும் சாப்பிட்டு, அதற்குப் பிறகும் எங்கள் பெண்தான் வேண்டும் என்று சொன்னீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "கிழவா, கறி சுடுறதோட நிறுத்திக்க. முட்டையையும் சால்சாவையும் நான் பாத்துக்குறேன்" என்று ரெஃபூஹியோ படித்துப் படித்துச் சொன்னாள். கேட்டேனா? சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு எல்லாமே என் கையால்தான் என்று ஜம்பமாக அவளுடைய கல்லுரலைத் தூக்கினேன், அது கைநழுவி இரண்டாகப் பிளந்தது. சனிக்கிழமை சந்தைக்கு ஓடிப் புது உரல் வாங்கினேன். "கல்தூள் போறதுக்கு அரிசியும் உப்பும் போட்டு, மாவு வெள்ளையா வர்ற வரைக்கும் அரைச்சு அரைச்சுக் கொட்டணும் ஐயா, பத்துத் தடவையாவது ஆகும்" என்றான் கடைக்காரன். மூன்று தடவை அரைத்தேன், தோள்பட்டை கழன்றுவிட்டது. மாவு சாம்பல் நிறத்தில் இருந்தது. சாம்பலும் ஒருவகை வெள்ளைதானே என்று விட்டுவிட்டேன்.

விடிந்ததும் சால்சாவுக்குத் தக்காளியைச் சுட்டு, பூண்டு வைத்து, நம் காட்டு மிளகாயில் ஒரு கைப்பிடி போட்டு அரைத்தேன். ஒரு கைப்பிடி! வீட்டில் ஐந்தாறுதான் போடுவார்களாம், எனக்கு யார் சொன்னார்கள்? அதே கையால் கண்ணைக் கசக்கினேன், அந்த நேரம் பார்த்து உங்கள் வண்டி வாசலில் நின்றது. கண்ணீர் கொட்டக் கொட்ட நான் வரவேற்றதைப் பார்த்து நீங்கள் என் தோளைத் தட்டி, "அழாதீங்க லிப்ராதோ, உங்க பொண்ணை நாங்க கண்ணுல வச்சுப் பாத்துக்குவோம்" என்றீர்கள். கண் என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு இன்னும் எரிந்தது.

அந்த அரைக்குருட்டுப் பார்வையோடுதான் கறியைப் புரட்டினேன், அதனால்தான் ஒரு பக்கம் கரி, மறு பக்கம் ரத்தம். ஏழு முட்டையில் ஐந்தின் மஞ்சள்கரு உடைந்துபோச்சு. சரி, எல்லாத்தையும் சால்சா மூடிடும்னு மேலே தாராளமா ஊத்தினேன். நீங்க முதல் வாய் வச்சதும் 'கரக்'னு ஒரு சத்தம். எரிபெர்த்தோ ரொட்டியைக் கீழே வச்சுட்டான். ரெஃபூஹியோ என்னைப் பாத்த பார்வை இருக்கே! என் மகள் கல்யாணம் என் உரலாலயே போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். நீங்க நிதானமா மென்னு முழுங்கிட்டு, "கல்லுப்பா போட்டீங்க? நல்லாருக்கே, இன்னொரு தட்டு வைங்க"ன்னீங்க. வச்சதையும் மிச்சமில்லாம சாப்பிட்டீங்க. சம்பந்தியம்மா, அந்த இரண்டாவது தட்டுதான் இந்தக் கல்யாணத்தைக் காப்பாத்துச்சு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை.

மகன் எரிபெர்த்தோவுக்கு என் ஆசிகள். கடவுள் தங்கள் குடும்பத்தையும் தங்கள் மிச்சப் பற்களையும் காப்பாராக.

இப்படிக்கு, தங்களுக்கு என்றும் கடமைப்பட்ட,
லிப்ராதோ நொரியேகா

பி.கு.: உறையை ஒட்டும் முன் யெசெனியா இதை வாங்கிப் படித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் கடைசியில் அழுதுவிட்டாள். "அப்பா, நாங்க போன மாசமே பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். அவர் வேலை பாக்குற சுரங்கத்துல வீடு ஒதுக்கறதுக்குக் கல்யாணச் சான்று கேட்டாங்க. பொண்ணு கேட்டு வர்ற அன்னைக்காக நீங்க எத்தனை வருஷமாக் காத்திருந்தீங்க, அதைக் கெடுக்க எங்க யாருக்கும் மனசு வரலை" என்றாள். சாட்சிக் கையெழுத்து ஒன்று ரெஃபூஹியோவுடையது, இன்னொன்று உங்களுடையதாம். ஆக, நீங்கள் தட்டை அப்படியே தள்ளி வைத்திருந்தாலும் என் மகள் உங்கள் மருமகள்தான். கல்யாணத்தைக் காப்பாற்றியதற்காக மேலே எழுதிய நன்றி முழுவதையும் அடித்துவிடுங்கள். ஆனா சம்பந்தியம்மா, அப்படின்னா அந்த இரண்டாவது தட்டை எனக்காகவா சாப்பிட்டீங்க?