மாமா மாத்திரையை நிறுத்திய வாரம்

என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று யாராவது கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. கேட்டவர் கொட்டாவி விட்டாலும் விடமாட்டேன். இந்தப் பழக்கம் ஒருமுறை என் சொந்தத் தாய்மாமாவையே படுக்கவைத்துவிட்டது.

அப்போது நான் சென்னையில் பிஎச்.டி. மாணவி. மூளைக்குள் வைக்கும் ஸ்டெம் செல்களை, கூடவே ஒரு மருந்து கொடுத்து, டோபமைன் சுரக்கும் நரம்பு செல்களாக மாறவைப்பது எங்கள் வேலை. முதல்முறையாக முடிவு நன்றாக வந்திருந்தது. (இரண்டு நாளாகத் தரையில் கால் பாவவில்லை எனக்கு.) அந்த மிதப்பிலேயே அண்ணனின் நிச்சயதார்த்தத்துக்குத் திருத்தணி வந்தேன்.

பந்தியில் பக்கத்தில் மாமா. பள்ளிப்பட்டில் டூவீலர் மெக்கானிக். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, டம்ளர் தண்ணீரில் பாதி வேட்டிக்குப் போயிருந்தது. சும்மா இருக்க முடியுமா என்னால்?

“மூளையில டோபமைன் கொறஞ்சதாலதான் மாமா நடுக்கம். புது செல்லை வெச்சா மட்டும் போதாது, என்னவா ஆவறதுன்னு தெரியாம முழிக்கும். நாங்க குடுக்கற மருந்துதான் அதைச் சரியான நரம்பா மாத்துது.”

“ஆங். ஸ்பேரும் மாத்தி, ஆயிலும் ஊத்தறீங்க.”

“அதேதான். இனிமே தினம் மாத்திரை முழுங்கற வேலையே இல்ல.”

‘இனிமே’ என்றேனே தவிர, எப்போதிலிருந்து என்று சொல்லவில்லை.

நான்காம் நாள் அத்தையிடமிருந்து போன். “உங்க மாமா மாத்திரைய நிறுத்திட்டாரும்மா. எழுந்துக்க முடியாம கட்ட மாரி கீறாரு. நீதான் வேணாம்னியாமே? திருத்தணி டாக்டராண்ட இட்டுகினு போறோம்.”

சென்னையிலிருந்து அடுத்த ரயிலில் ஏறினேன். இடம் இருந்தும் உட்காரவில்லை. அரக்கோணத்தில் வண்டி நின்றபோது இறங்கித் தள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

டாக்டர் அறையில் மாமா நாற்காலியோடு நாற்காலியாக விறைத்திருந்தார்.

“யாரு நிறுத்தச் சொன்னது?” என்றார் டாக்டர்.

மாமாவுக்கு உதடு மட்டும்தான் அசைந்தது. அதிலும் பெருமை. “எங்க அக்கா பொண்ணு. புது மருந்து கண்டுபுடிச்சிகினு கீது.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க?”

“பன்னெண்டு...” தரையைப் பார்த்துக்கொண்டே முடித்தேன். “எலிக்கு.”

“எலிக்கா?” என்றார் அத்தை.

மாமா மெதுவாகக் கேட்டார். “எலிக்குக் கொணமாச்சுன்னு எப்டிமா தெரியும்?”

“மூளையில ஒரு பக்கம் கெட்டா அது ஒரே பக்கமா சுத்தும் மாமா. சுத்தறது கொறஞ்சா குணமாவுதுன்னு அர்த்தம்.”

மாமா கண்ணை மட்டும் இறக்கித் தன் காலைப் பார்த்தார். “நான் சுத்தலையேம்மா.”

டாக்டர் சட்டென்று குனிந்து சீட்டு எழுத ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. “திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. படிச்சவங்க, தெரியாதா?”

தெரியும். அதுதான் சுட்டது.

இரண்டு நாள் அங்கேயே படுக்கவைத்து, பழைய மாத்திரையால் மாமாவை எழுப்பி நடக்கவிட்டார்கள். ஆட்டோவில் மன்னிப்பு கேட்டேன். “நீ ஆசையா சொன்னே, நான் ஆசையா கேட்டுக்கினேன். வுடு” என்றார்.

இப்போது நான் யாருக்குத் தலைவலி மாத்திரை நீட்டினாலும், “இது எலிக்கா, மனுசனுக்கா?” என்று அத்தை கேட்காமல் இருப்பதில்லை. மாமா ஒரு வேளைகூட மாத்திரையைத் தவறவிடுவதில்லை. ஆனால் போன் செய்தால் என்னை விசாரிப்பது இரண்டாவதுதான். எடுத்ததும் கேட்பார்:

“எலிங்கள்லாம் நல்லா கீதுங்களா?”