புள்ளிக்கோட்டு நிபுணர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. வந்துவிட்ட பொருளைவிட வராத பொருளைப் பற்றி இவர்களுக்கு அதிகம் தெரியும். அடுத்து வரப்போகும் வீடியோ கேம் கன்சோலின் கன்ட்ரோலர் எப்படி இருக்க வேண்டும் என்று அதைச் செய்கிற கம்பெனிக்காரனே தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது, இவர்கள் அதன் எடை, வளைவு, பொத்தானை அமுக்கினால் வரும் சத்தம், உள்ளங்கை வேர்க்குமா வேர்க்காதா என்பது வரை தீர்மானித்து, போதாததற்கு அதில் இரண்டு குறையும் கண்டுபிடித்து வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார்கள். கையில் பிடித்துப் பார்த்தீர்களா என்று கேட்டுவிடாதீர்கள். பிடித்துப் பார்த்துச் சொல்ல யாரால்தான் முடியாது?

உங்கள் ஊரிலும் இருப்பார்கள். எங்கள் நிஷ் நகரத் தண்ணீர் அலுவலகத்தில் என் எதிர் மேஜையிலேயே ஒருவர் இருக்கிறார். பெயர் மிலோயே. வயது நாற்பத்து மூன்று. குழாய் வரைபடப் பிரிவு. காலையில் வந்ததும் கறி வைத்துச் சுட்ட புரெக் அடையில் ஒரு கடி, தயிரில் ஒரு மடக்கு, பிறகு அதே எண்ணெய் விரலால் போனைத் திறந்து, யாரோ எங்கோ கை நடுங்க எடுத்த படத்தைப் பெரிதாக்குவார். இன்னும் பெரிதாக்குவார். கடைசியில் திரையில் ஒரே ஒரு சாம்பல் சதுரம் மிஞ்சும். அப்போதுதான் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

"பாத்தீங்களா, இந்த ஓரத்துல ஒரு பளபளப்பு?"

"அது உங்க புரெக் எண்ணெய்ங்க."

"எண்ணெய் இப்படி நேர்கோடா நிக்குமா? ரப்பர் பிடி வைக்கிறான். போன மாசமே சொன்னேனா இல்லையா?"

இந்தப் "போன மாசமே சொன்னேன்" இல்லாமல் இவர்களால் வாயைத் திறக்க முடியாது. அடுத்தது, "உள்ள இருக்கிற ஆள் ஒருத்தர் சொன்னார்." உள்ளே என்றால் எதற்குள்ளே? கேட்டால் கண்ணைச் சிமிட்டுவார்கள். சொன்னது பலித்தால் நாலு நாளைக்கு அலுவலகத்தில் யாரும் வேலை செய்ய முடியாது. பலிக்காவிட்டால் "அது சோதனை மாடல்ப்பா" என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுவார்கள்.

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் மிலோயேவுக்கு ஒரு மச்சினன் இருந்தான்.

ரெல்யா. மிலோயேவின் மனைவி யாஸ்னாவின் தம்பி. கன்சோலில் கால்பந்து ஆடுவதில் நிஷ் நகரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இரண்டு வருஷமாக வட்டார இறுதிப் போட்டியில் பக்கத்து ஊரான லெஸ்கோவாட்ஸின் பல் டாக்டர் ஒருவரிடம் ஒரே ஒரு கோலில் தோற்று, தேசியப் போட்டிக்குத் தலைநகர் பெல்கிரேடு போகாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். தோற்பதே கஷ்டம். அதுவும் லெஸ்கோவாட்ஸ்காரரிடம்! இந்த வருஷம் அமைப்பாளர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார்கள்: இறுதி ஆட்டம் புது கன்சோலில், புது கன்ட்ரோலரில் நடக்கும். கன்சோல் வெளியாவதே ஆட்டத்தன்று காலையில்தான். ஆக, கன்ட்ரோலரின் வடிவம் யாருக்கு முன்கூட்டியே தெரியுமோ, அவர் கை ஓங்கும். ரெல்யா யாரிடம் போவான், சொல்லுங்கள்?

அந்தச் சமயம் பார்த்துக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஒரு வரைபடம் வெளியே வந்தது. புது கன்ட்ரோலர் முழுவதும் கெட்டிக் கோடு. ஆட்டக்காரனை ஓடவைக்க இடது கட்டைவிரலால் தள்ளுகிற குமிழ் மட்டும் புள்ளிக்கோடு.

"மாப்ளே, இடது குமிழ் போச்சு!" என்றார் மிலோயே.

"எப்படி அத்தான் சொல்றீங்க?"

"புள்ளிக்கோடுன்னா என்ன? பிடுங்கப்போற குழாய். இருபது வருஷமா இதைத்தானே வரையறேன்."

"குமிழ் இல்லாம ஆளை எப்படி ஓட்டறது?"

"சாய்ச்சுத்தான்! கன்ட்ரோலரை இடது பக்கம் சாய்ச்சா ஆளும் இடது பக்கம் ஓடுவான். உள்ள இருக்கிற ஆள்கிட்டயும் கேட்டுட்டேன்."

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். நானும் இருந்தேன். யாஸ்னா சூப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவளுக்கு ஒரு வக்கீல் ஆபீஸில் காப்புரிமை விண்ணப்பங்களை டைப் அடிக்கும் வேலை.

"இங்க பாருங்க, புள்ளிக்கோடுன்னா 'இந்தப் பாகத்துக்கு நாங்க உரிமை கேக்கலை'ன்னு அர்த்தம். பாகம் அது பாட்டுக்கு அங்கேயேதான் இருக்கும். தினம் பத்து பாக்கறேன்."

"நீ டைப் அடிக்கிறவ. நான் வரையறவன்."

"குழாய் வரையறவர்."

"கோடு எங்க போனாலும் கோடுதான்டி!"

யாஸ்னா சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது. வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் அந்தச் சாம்பல் சதுரத்தில் அதற்கு முந்தின நாள்தான் எனக்கும் லேசாக ரப்பர் பிடி தெரிந்திருந்தது. தலையைக் குனிந்து, சுட்ட மிளகாயை உரித்துக்கொண்டிருந்துவிட்டேன்.

மூன்று வாரம் பயிற்சி. ரெல்யா பழைய கன்ட்ரோலரின் இடது குமிழைக் கழற்றி எறிந்தான். கம்ப்யூட்டரில் எதையோ மாற்றி, கன்ட்ரோலரைச் சாய்த்தால் ஆள் ஓடும்படி செய்துகொண்டான். முதலில் கை சாய்ந்தது, பிறகு தோள், பிறகு முழு உடம்பு. மூன்றாம் வாரம் சோறு தின்னும்போதுகூட உப்பு இருக்கிற பக்கம் சாய்ந்தான். "இதுதான்டா வேணும்!" என்று மிலோயே முதுகில் தட்டினார்.

போட்டி நாள் வந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடையில் பெட்டியைப் பிரித்தார்கள். புது கன்ட்ரோலர். கறுப்பு நிறம், அழகாக இருந்தது. இடது பக்கம் குமிழ், நேற்றுவரை இருந்த அதே இடத்தில், அதே உயரத்தில்.

ரெல்யா திரும்பி அத்தானைப் பார்த்தான். அத்தான் கூரையைப் பார்த்தார்.

மூன்று வாரப் பழக்கம் ஒரு நிமிஷத்தில் போகுமா? கட்டைவிரல் சும்மா கிடக்க, ரெல்யா வளைவில் திரும்புகிற பஸ்ஸில் நிற்பவன்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தான். திரையில் அவனுடைய பதினொரு பேரும் போட்டோவுக்கு நின்றார்கள். ஆறுக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிந்ததும் பல் டாக்டர் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "கழுத்துப் பிடிப்பா தம்பி? எனக்குத் தெரிஞ்ச நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார்."

வெளியே வந்தபோது ரெல்யாவின் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. என்மேலேயே கோபமும் வந்தது. மிலோயே மட்டும் பிரகாசமாக இருந்தார்.

"கடைசி நேரத்துல குமிழைத் திரும்ப வச்சுட்டானுங்க மாப்ளே! நாம கண்டுபிடிச்சது எப்படியோ வெளிய கசிஞ்சிருக்கு."

ரெல்யா அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. யாஸ்னா புருஷனுக்குச் சூப்பை ஆறவைத்தே பரிமாறினாள். இனி இந்தக் குடும்பம் ஒட்டாது என்றே நினைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு கதவு தட்டப்பட்டது. ரெல்யா. காலணியைக்கூடக் கழற்றாமல் நேரே வந்து போனை மேஜைமேல் வைத்தான்.

"அத்தான், இதுக்கு அடுத்த கன்ட்ரோலராம். ஒருத்தன் ரகசியமா எடுத்த படம். இந்த நிழலைப் பாருங்க, குமிழ் மாதிரியா இருக்கு?"

மிலோயே விரலைத் துடைக்காமலே படத்தைப் பெரிதாக்கினார். யாஸ்னா கரண்டியோடு வந்தாள், திட்டப்போகிறாள் என்று நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"நிழல் இந்தப் பக்கம் விழுதுன்னா, குமிழ் நடுவுலதானே இருக்கணும்?" என்றாள்.

நடுவில் இல்லை, கொஞ்சம் மேலே என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. சூப் தானாகவே ஆறியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கன்சோல் எந்தக் கம்பெனியுடையது என்று நான் எங்கேயாவது சொன்னேனா? இல்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கறுப்பு என்றேன், குமிழ் இடது பக்கம் என்றேன். போதும், இதுதான் அது என்று தீர்மானித்துவிட்டீர்கள். மிலோயேவுக்காவது கையில் ஒரு படம் இருந்தது.