எதிர்ப்பக்கத்தில் வரி இல்லை

இந்த நியூயார்க் நகரத்துக்கு இனி ஒரு காசு கொடுப்பதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை டெக்லன் கியோ சபதம் எடுத்தான். கையில் சம்பளச் சீட்டு. வாயில் பாதி மென்ற சாண்ட்விச். சபதம் எடுக்கிற கோலம் இல்லைதான். ஆனாலும் எடுத்துவிட்டான்.

டெக்லன் மன்ஹாட்டனில் லிஃப்ட் மெக்கானிக். வாரம் பூராவும் ஊரை மேலே ஏற்றிவிடுகிறவனைச் சம்பள நாளில் எல்லாருமாகச் சேர்ந்து கீழே இறக்கிவிடுவார்கள். முதலில் வாஷிங்டன் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அடுத்து மாநிலம் கை வைக்கும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் நகரம் வந்து, வாரத்துக்கு எழுபத்துநான்கு டாலரை உருவிக்கொண்டு போகும்.

முதல் இரண்டு பேரையும் அவன் மன்னித்துவிட்டான். மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். அவன் வீடு நகரத்தின் ஓரப் பகுதியான குவீன்ஸின் கடைசித் தெருவில் இருந்தது. நகர எல்லை அந்தத் தெருவின் நட்டநடுவில் போகிறது. இந்தப் பக்கம் குடியிருந்தால் நகர வரி உண்டு. எதிர்ப்பக்கம் குடியிருந்தால் கிடையாது. இரண்டு பக்கமும் கொட்டுவது ஒரே பனி. எதிர்வீட்டில் இருப்பது யார்? அவனுடைய மாமியார் பெர்னடெட்.

"நோரீன், உங்கம்மா வீட்டு விலாசத்த ஆபீஸ்ல குடுக்கப் போறேன்."

நோரீன் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

"அங்க குடியிருக்கேன்னு சொன்னா வாரம் எழுபத்துநாலு டாலர் மிச்சம்."

"அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆச்சே, மூணு பேரும் ஒரே வீட்ல இருக்கலாம்னு சொன்னேன். நீ என்ன சொன்னே?"

"அது வேற விஷயம்..."

"என்ன சொன்னேன்னு கேட்டேன்."

"உங்கம்மாவோட ஒரே வீட்ல இருக்கறதுக்கு லிஃப்ட் குழியில குடித்தனம் பண்ணிடுவேன்னு சொன்னேன். இப்பவும் அதேதான். இது வெறும் பேப்பர்ல."

"பேப்பர்லயா? கண்டுபிடிச்சா அபராதம் உங்கப்பா கட்டுவாரா? செய்யறத ஒழுங்கா செய். அங்கயே போய்ப் படு."

டெக்லன் எழுபத்துநான்கை ஐம்பத்திரண்டால் பெருக்கினான். ஏறக்குறைய நாலாயிரம். ஒரு மீன்பிடிப் படகு கண்முன்னே மிதந்து வந்தது. வெறுமனே படுக்கத்தானே போகிறோம் என்று தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினான்.

படுப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு நாளில் நிறைய நேரம் இருக்கிறது என்பதை அவன் யோசிக்கவில்லை.

"மாப்ளே, வாசல்ல பனி."

"காலைலயே அள்ளிட்டேன் அத்தை."

"அது காலைப் பனி. இது புதுசு."

"சாப்ட்டு அள்றேன்."

"என்ன சாப்பிடுவே? நீ இன்னும் சமைக்கவே இல்லியே?"

பனி முடிந்தால் குப்பைத்தொட்டி. குப்பைத்தொட்டி முடிந்தால் முழங்கால் பயிற்சிக்குக் கார். சாயங்காலம் அவன் கூடைப்பந்து பார்க்க உட்கார்ந்தால், ரிமோட் மாமியாரின் கைக்குப் போய்விடும். நடக்கத்தான் அவளுக்குத் தடி வேண்டும். ரிமோட்டை எட்டிப் பிடிக்க எதுவும் வேண்டாம்.

எதிரே நோரீன் ஜன்னலிலிருந்து கையசைப்பாள். வாரம் ஒரு சாமான் அனுப்புவாள். அவனுடைய சாய்வு நாற்காலி வந்தது. தூண்டில்கள் வந்தன. கடைசியில் நாயே வந்து சேர்ந்தது.

"இதெல்லாம் ஏன் அனுப்பறே நோரீன்?"

"குடியிருக்கறவன் சாமான் அங்கதானே இருக்கணும்? உன் நல்லதுக்குத்தான் செய்யறேன்."

வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் அவனுக்குச் சந்தோஷம். சம்பளச் சீட்டில் நகர வரி என்ற வரியே இருக்காது. அதைத் தடவிப் பார்த்துக்கொள்வான். முட்டைக்கோஸ் வேகிற வாசனையில் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிடும்.

ஐந்தாம் மாதம் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கே குடியிருக்கிறீர்கள் என்று நேரில் வந்து விளக்க வேண்டுமாம். டெக்லன் போனான். துணைக்கு நோரீனும் வந்தாள். தடியோடு மாமியாரும் வந்தாள்.

அதிகாரி அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "உங்க மனசுக்கு நெருக்கமானதெல்லாம் எங்க இருக்கு மிஸ்டர் கியோ? அத வெச்சும் வீடு எதுன்னு முடிவு பண்ணுவோம்."

"அத்தை வீட்லதான் மேடம். நாற்காலி, தூண்டில், நாய், எல்லாமே."

"மனைவி?"

"அவ... குவீன்ஸ்ல."

"பிரிஞ்சுட்டீங்களா?"

"சேச்சே!"

"அப்ப மனைவி உங்க மனசுக்கு நெருக்கமில்லையா?"

டெக்லன் பக்கத்தில் பார்த்தான். நோரீன் கைப்பையை மடியிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டாள். நெருக்கம் என்றால் பழைய வரி, வட்டி, அபராதம். நெருக்கமில்லை என்றால் எலும்பு மிஞ்சுமா என்பதே சந்தேகம்.

"நெருக்கம்தான் மேடம். ஆனா... சனி ஞாயிறு மட்டும்."

மாமியார் தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். நோரீன் அமைதியாகக் கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"அவரப் படுத்தாதீங்க மேடம். நானும் இன்னிக்கே அம்மா வீட்டுக்கு வந்துடறேன். எங்க வீட்ட ரெண்டு வருஷத்துக்கு வாடகைக்கு விட்டாச்சு. இதோ ஒப்பந்தம்."

டெக்லனுக்குப் போன உயிர் திரும்பியது. பிழைத்தோம்! என்ன பெண்டாட்டி! அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்புறம்தான் 'ரெண்டு வருஷம்' உறைத்தது.

"என்னக் கேக்காம எப்படி விட்டே?"

"உன் கையெழுத்து இருக்கே, பாரு. போன வெள்ளிக்கிழமை சம்பளச் சீட்டக் கொஞ்சிட்டிருந்தியே, அப்ப நீட்டினேன். படிக்காமயே போட்டுட்டே."

"வாடகைப் பணம்?"

"அது என் கணக்குக்கு வந்துரும். நீ கவலப்படாதே."

அதற்குள் பெர்னடெட்டும் தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். "இதையும் சேத்துக்கம்மா. மாப்ள என் வீட்லதான் குடியிருக்காருங்கறதுக்கு ஆதாரம். வாரம் எம்பது டாலர் வாடகை தர்றாரு."

"எம்பதா? நான் எப்ப அத்தை குடுத்தேன்?"

"இந்த வெள்ளிக்கிழமைலேர்ந்து."

டெக்லன் வாயைத் திறந்தான். இல்லை என்று சொன்னால் இருக்கிற ஆதாரமும் போய்விடும். வாயை மூடிக்கொண்டான்.

அதிகாரி அம்மாள் கோப்பில் முத்திரை குத்திவிட்டு எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"வாழ்த்துகள் மிஸ்டர் கியோ. உங்களுக்கு நகர வரி கிடையாது!"