எர்னஸ்ட் நீக்கச் சொன்ன கோழி

புக்கிட் ரோத்தான்,
ஆகஸ்ட் 1952

பாசமுள்ள மாடில்டா அக்காவுக்கு, தம்பி காப்ரியல் தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் என் வீட்டுக்காரி ரோசரியும் சுகம். ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, இவை தவிர இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் மகன் எர்னஸ்ட் சுகமா என்பதை இதை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூர் யுனிவர்சிட்டியில் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தியே அவன் ஓய்ந்துவிட்டான், உன்னிடம் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நீங்கள் எழுதியதிலிருந்து எனக்கு ஒரே ஆவல். நானும் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிதான், விடிந்தால் பேனாவோடுதான் மல்லுக்கட்டுகிறேன், எழுத்தால் ஒருவனுக்கு நோய் வரும் என்று கேள்விப்பட்டதே இல்லை. வந்து இறங்கிய அன்றே தோட்ட ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டிரசர் சிவானந்தம் நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார், கண்ணைப் பிதுக்கினார். மலேரியா இல்லை, காமாலை இல்லை.

“எங்கதான் தம்பி வலிக்குது?”

“வலியெல்லாம் இல்ல டிரசர். ஒரு வரியப் பாத்தா அது என்ன சொல்லுதுன்னே தெரிய மாட்டேங்குது. எங்க தப்புன்னு மட்டுந்தான் தெரியுது.”

சிவானந்தம் மருந்து அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “இதுக்கு என்கிட்ட மலேரியாவுக்குக் குடுக்கிற கொய்னாதான் இருக்கு லா” என்று அதையே கொடுத்தார். மருந்து கசந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான், கூப்பிட்டால் எழுந்து வருவான், சாப்பிட்டானா என்பது அவனுக்கே தெரியாது. சாயங்காலம் ரோசரி ஜெபமாலை சொல்லும்போது பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவன், “அத்தை, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றீங்க” என்றான். அன்றைக்கு அவனுக்கு மீன் துண்டு விழவில்லை.

கடற்காற்று பட்டால் தெளிவான் என்று ஜெராமுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இளைத்துப்போய் வந்தவனுக்கு அன்று மட்டும் தொப்பை தள்ளியிருந்தது, எனக்குச் சந்தோஷம். வாசலில் நின்ற கான்ஸ்டபிளுக்கு அது சந்தோஷமாகப் படவில்லை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறான் என்று சட்டையைத் தூக்கினால், வயிற்றைச் சுற்றி ஒரு கட்டுக் கட்டுரைகள்! கொண்டு வரவே கூடாது என்று நீங்கள் சத்தியம் வாங்கியவைதான். கடலில் வீசத்தான் எடுத்துப் போனானாம். அக்கா, அதை அவன் கான்ஸ்டபிளிடமே சொன்னான், காரியம் இன்னும் கெட்டது.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் நல்லசாமி தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். எர்னஸ்ட் சிவப்பு மையில் எழுதியிருந்ததெல்லாம் இதுதான்: இதை வெட்டு. முன்பகுதியைப் பின்னால் நகர்த்து. இங்கே பலவீனம், இன்னும் வலுவாகத் தாக்கு.

“யார வெட்டணும்? எந்த முன்பகுதி?” என்று உறுமினார்.

இந்தக் காலத்தில் உள்ளே போனவன் எப்போது வெளியே வருவான் என்று கேட்கக்கூட ஆளில்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, சொன்ன ஜெபத்தையே திரும்பத் திரும்பச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். திடீரென்று தாள் புரளும் சத்தம் நின்றுபோனது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், ஒரு தாளைக் கையில் பிடித்தபடி இருந்தார்.

“அந்தக் கோழி என்னய்யா ஆச்சு?”

பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுதிய கட்டுரை அது. பட்டாளத்தார் வந்து, வேலி போட்ட புதுக் கிராமத்துக்குப் போக வீட்டைக் காலி செய்து லோரியில் ஏறச் சொல்கிறார்கள், கோழி அடையில் இருக்கிறது, குஞ்சு பொரித்து இறங்கட்டும் அப்புறம் வருகிறேன் என்று அவன் அம்மா ஏற மறுக்கிறாள், லோரி உறுமுகிறது, அதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. ஓரத்தில் உங்கள் மகன் எழுதியிருந்தான்: கோழி தேவையில்லை. நீக்கு.

“எத்தன குடும்பத்த நானே லோரியில ஏத்தியிருக்கேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். குரல் இறங்கியிருந்தது. “எல்லாரும் இந்த மாதிரிதான், ஒண்ண விட்டுட்டு வர முடியாம நிப்பாங்க. நீ எதுக்குய்யா நீக்கச் சொன்ன?”

எர்னஸ்ட் தாளை வாங்கிப் படித்தான். அவன் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு ஆவல். கை பேனாவைத் தேடவில்லை. இரண்டாம் முறையும் படித்துவிட்டு, “தெரியல சார். நான் இத இப்பத்தான் படிக்கிறேன்” என்றான். அப்புறம் அங்கேயே ஒரு தாள் கேட்டு வாங்கி, கோழி என்ன ஆயிற்று என்று அந்தப் பையனுக்கு எழுதினான். இன்ஸ்பெக்டரே தபால்தலை ஒட்டி, எங்களை அனுப்பிவைத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் சிங்கப்பூருக்கு இனி வரமாட்டானாம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அட்சரம் சொல்லித் தருகிறேன், அதில் தப்பே வராது என்கிறான். மேனேஜரிடம் நானும் பேசிவிட்டேன். வருத்தப்படாதீர்கள், அவன் பெட்டி படுக்கையை இங்கேயே அனுப்பிவிடுங்கள். அத்தானுக்கு எங்கள் தோத்திரம். மாதா உங்கள் வீட்டு வாசலை விட்டு நகராதிருக்கட்டும்.

அன்புத் தம்பி,
காப்ரியல்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் அந்தப் பையனிடமிருந்து பதில் வந்துவிட்டது. கோழியே கிடையாதாம். அவர்களை யாரும் லோரியில் ஏற்றவும் இல்லையாம், அப்பாவுக்கு டவுனில் துணிக்கடையாம். பக்கம் நிரம்பவில்லை என்று அவனாகச் சேர்த்தானாம், மன்னிக்கச் சொல்கிறான். எர்னஸ்ட் புரையேறும்வரை சிரித்துவிட்டு, “இப்படிப் பொய் சொல்லத் தெரிஞ்சவன நான் போய்ப் பாத்தே ஆகணும் மாமா” என்று பெட்டி கட்டுகிறான். நாளைக்குச் சிங்கப்பூர் ரயில். படுக்கையை அனுப்ப வேண்டாம். இன்ஸ்பெக்டர் நல்லசாமி வாசலில் ஜீப்பை நிறுத்தி, பதில் வந்ததா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரோசரி முந்திக்கொண்டாள்: “வந்துச்சு சார். அத்தனையும் பொரிச்சிருச்சாம்.”