மூச்சு வாங்காத பேய்

தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. 'தங்கை'க்கு முன்னால் 'அன்புள்ள' என்று போடுவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டு உன்னை மட்டும் மேலே படிக்க வைத்தார்கள் என்றாலும், கடிதம் எழுதும் பாடம் வரைக்கும் படித்துவிட்டுத்தான் நின்றேன். தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.

இங்கே நான் சுகம். ரத்த அழுத்தம் சுகம், முழங்கால் சுகமில்லை, வீட்டில் வேறு யாரும் இல்லாததால் வேறு யார் சுகத்தையும் எழுத வழியில்லை. உன் சுகத்துக்கு எழுதவும் என்று கேட்பது வழக்கம். நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. 'ஈரத்தலை' ஆறாம் பாகம் வந்திருக்கிறது, பார்த்தேன். அதில் அலறுவது நீ இல்லை. ஏன் நீ இல்லை, உனக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். சமாதானம் பேசுவதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பாதியில் கண்ணைத் துடைக்காதே.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. ஐந்து பாகத்தையும் தியேட்டரில் போய்ப் பார்த்தவள் நான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தவள், தலை துவட்டாமல் வீட்டுக்குள் வருகிறாள். அவள் நடந்த இடமெல்லாம் தரை நனைந்திருக்கிறது. துடைக்கத் துணி எடுக்கப் போனவர்கள் திரும்பி வருவதில்லை. இதுதான் கதை. ஐந்து படமும் இதே கதைதான், எவனும் குறை சொன்னதில்லை. இந்தப் படத்தில் அவள் தலை காய்ந்திருக்கிறது. காய்ந்திருப்பது மட்டுமில்லை, அழகு நிலையத்துக்குப் போய் மெஷின் வைத்து ஊதிச் சுருள் விட்டுக்கொண்டு வந்ததுபோல் தோளில் துள்ளுகிறது. பெயர் ஈரத்தலை, தலையில் சொட்டு ஈரமில்லை. போதாததற்கு அவளுக்கு ஒரு காதல், அதற்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு மலையடிவாரம். முன்பெல்லாம் தொட்டியிலிருந்து வந்தவள் இப்போது செல்ஃபோனிலிருந்து வருகிறாள். கடைசியில் திருந்தி, போலீசுக்குத் துப்புக் கொடுத்து, ஒரு கடத்தல் கும்பலைப் பிடித்துத் தருகிறாள். பேய்க்கு எதற்கு இந்த வேலை? ஒரு ஆள் பயப்பட வேண்டுமே என்ற கவலை படம் எடுத்தவனுக்கு இல்லை. முதல் பாகத்தில் ஒரு வாளி மட்டும் இருக்கும், ஞாபகமிருக்கிறதா, குழாய் மூடியிருக்கும்போதே வாளி நிறையும், ஒரு சத்தமும் வராது, தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதில் ஆரம்பம் முதல் முடிவு வரை டமடமவென்று யாரோ தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் போனது பகல் காட்சி. தியேட்டரையும் மாற்றிவிட்டார்கள். சீட்டில் கை வைக்கிற இடத்தில் ஒரு பொத்தான். கண்ணாடி உறையை வைக்க இடம் தேடிக் கை அதன்மேல் பட்டதும் சீட் பின்னால் சாய, கால் மேலே கிளம்ப, ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கப் படுத்தவள்போல ஆகிவிட்டேன், முதல் கொலையை நான் கூரையில்தான் பார்த்தேன். பக்கத்தில் காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி தனியாக வந்திருந்தாள். அவள்தான் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தாள். பயமாக இல்லையா பாட்டி என்று கேட்டாள். இந்தப் பேயை எனக்குக் குழந்தையிலிருந்தே தெரியும் என்றேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

பிறகு அந்த அலறல் வந்தது. வந்ததும், பிரிக்க எடுத்த சோளப்பொரியை அப்படியே மடியில் வைத்துவிட்டேன்.

உன் அலறலை எனக்குத் தெரியாதா? அதை உண்டாக்கியதே நான். அம்மா விடியும் முன்னாலேயே வேலைக்குப் போய்விடுவாள், உன்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என் தலையில் விழும். முதல் குவளைப் பச்சைத் தண்ணீரை நீ எதிர்பார்க்காத நேரம் பார்த்து ஊற்றுவேன். மெல்லிசாகக் கிளம்பும், நடுவில் எச்சில் விழுங்குகிறாற்போல் ஒரு இடத்தில் தட்டும், அங்கே ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே மேலே ஏறும். எதிர் வீட்டு டெய்லர் தினமும் ஊசியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார், என்னைப் பார்த்ததும் திரும்பிப் போவார். ரெக்கார்டிங் தியேட்டரில் வரவேற்பறையில் உட்கார்ந்து ஃபோன் எடுத்துக்கொண்டிருந்த உன்னை, நடிகைக்குத் தொண்டை கட்டிய அன்று மைக் முன்னால் நிறுத்தியது அந்த சவுண்டு இன்ஜினியர் என்று ஊரெல்லாம் சொன்னாயே, அவர் நிறுத்துவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே உன்னைத் தயார் செய்து வைத்தவள் நான். டைட்டிலில் என் பெயரும் வந்திருக்க வேண்டும். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போட்டிருப்பார்கள். சொல்லவில்லை. மறக்கவில்லை. என் பச்சைக் குடையை எடுத்துப்போய் பஸ்ஸில் விட்டதையும் மறக்கவில்லை.

இந்தப் படத்தில் வந்த அலறல் மெல்லிசாகக் கிளம்பியது. நடுவில் தட்டியது. அதுவரை நீயேதான். ஆனால் தட்டிய இடத்தில் மூச்சு வாங்கவில்லை. வாங்காமலேயே ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. இதற்கு முன்னால் ஐந்து படத்திலும் பேய் மூச்சு வாங்கித்தான் அலறியிருக்கிறது.

ஸ்பீக்கர் பழுது என்று முதலில் நினைத்தேன். இடைவேளையில் மேனேஜரைத் தேடிப் போனேன். மாடியில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார், டை கட்டிய பையன். பேய் சரியாக மூச்சு விடவில்லை, பாருங்கள் என்றேன். அவர் எழுந்து நின்றுகொண்டு, "அம்மா, உங்ககூட யாரும் வந்திருக்காங்களா?" என்றார். யாரும் வரவில்லை என்றேன். தண்ணீர் கொடுத்தார். மறுநாள் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற பழைய தியேட்டருக்கு இரண்டு பஸ் மாறிப் போய் இன்னொரு தடவை பார்த்தேன். காய்ந்த தலையை இரண்டு தடவை பார்த்தது உனக்காகத்தான், அதையும் கணக்கில் வைத்துக்கொள். அங்கேயும் அதே அலறல். அதிசயம் என்னவென்றால் அந்தக் காலேஜ் பெண்ணும் அங்கே வந்திருந்தாள். ஒவ்வொரு தியேட்டரிலும் பார்ப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்காம். என்னைவிடப் பைத்தியம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவை மேலே போய்விடும், உனக்கே தெரியும். முன்பு உன் பெயர் வருகிற இடத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தேன்: தையல் கலைஞர்களுக்குக் கீழே, சாப்பாடு போட்டவர்களுக்கு மேலே. இந்தத் தடவை அந்தப் பெண்ணைப் படிக்கச் சொன்னேன். தையலுக்கு அப்புறம் நேராகச் சாப்பாடு வந்துவிட்டது. அந்தக் குரல் யாருடையது என்று கேட்டேன். "இப்பல்லாம் கம்ப்யூட்டரே கத்திரும் பாட்டி. பழைய படத்துல கத்துனத உள்ள போட்டா, அதுவே புதுசா பண்ணிக் குடுத்துரும்" என்றாள்.

"ஆள் இல்லன்னாலும் பண்ணுமா?" என்று கேட்டேன்.

"ஆள் இல்லன்னாலும் பண்ணும். அதான பாட்டி வசதி" என்றாள்.

நல்ல பெண். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விளக்குகளைப் போட்டார்கள், எல்லாரும் எழுந்து போனார்கள், நான் படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அம்மா போன அன்று நீ எல்லாருக்கும் கடைசியாக வந்தாய். முதல் நாள் முழுக்க மூன்றாம் பாகத்துக்கு அலறி அலறித் தொண்டை போயிருந்தது. கூடத்தில் அத்தனை பேரும் அழ, நீ வாயைத் திறந்துகொண்டு நின்றாய், சத்தம் வரவில்லை. "கூலிக்குக் கத்தத் தொண்டை இருக்கு, பெத்தவளுக்கு மட்டும் இல்லாமப் போச்சா?" என்று நான் கேட்டேன். எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். கேட்டதை வாபஸ் வாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனவள், அதற்கப்புறம் எனக்கு ஒரு ஃபோன் செய்தாயா? நானும் செய்யவில்லை, ஆனால் நான் மூத்தவள்.

செய்யவில்லையே தவிர, விட்டுவிடவில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுவரில் ஈரத்தலை போஸ்டர் ஒட்டுவார்கள். மற்றவர்கள் பயப்படப் போவார்கள், நான் உன்னைப் பார்த்துவிட்டு வரப் போவேன். நீ அலற ஆரம்பித்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள்; நான் அப்போதுதான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து சோளப்பொரியைப் பிரிப்பேன். தொண்டை நன்றாக இருக்கிறது, சளி இல்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறாள் என்று தெரிந்துவிடும். நான்காம் பாகத்தில் ஈரத்தலை தன் அம்மா வீட்டுக்கு வந்து, உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்ததும் படியில் உட்கார்ந்து அழுவாளே, அந்த அழுகை யாருக்கு என்று தியேட்டரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். கூட்டமெல்லாம் போன பிறகு பெருக்குகிறவர் வந்து, படம் முடிந்துவிட்டது அம்மா என்றார். முழங்கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் பாகத்தில் உன் குரலுக்கு அடியில் ஒரு கரகரப்பு இருந்தது. வெந்நீர் குடிக்கச் சொல்லி அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். நீதான் முதலில் எழுத வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வெளிநாட்டிலிருந்து பேசினான். சித்தி நம்பர் கொடு என்று நான் கேட்கவில்லை. பழைய நம்பரையெல்லாம் இன்னும் வைத்திருக்கிறாயா, இடத்தை அடைக்காதா என்று பொதுவாகத்தான் கேட்டேன். அவனுக்கு என்னைத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டு, "அம்மா, சித்தி நம்பர் உபயோகத்துல இல்லன்னு வருது" என்றான். அவள் நம்பரை யார் கேட்டது என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் பேச எனக்கு ஆள் இல்லை. ரேடியோவைப் போட்டேன். நிறுத்தினேன்.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒன்று, அந்தக் கரகரப்பு முற்றி உன் தொண்டை போயிருக்க வேண்டும். அல்லது தொண்டை நன்றாகவே இருந்தும், மெஷின் வந்துவிட்டது, நீ போகலாம் என்று அனுப்பியிருப்பார்கள்; அப்படியானால் அந்தப் படக் கம்பெனி வாசலில் வந்து நான் உட்காருகிறேன், உனக்காக இல்லை, அந்த அலறலில் எனக்கும் பங்கு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அதை நான் எழுத மாட்டேன்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் போடு. நாலு பக்கம் எழுதி உருக வேண்டாம், எனக்கும் படிக்க நேரமாகும். 'இருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை போதும். பேச வேண்டுமென்றும் இல்லை. என் வீட்டு ஃபோனுக்கு அடித்து ஒரு தடவை இருமிவிட்டு வைத்துவிட்டாலும் நீதான் என்று கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் நானாக உன்னைக் கூப்பிடுவேன் என்று காத்திருக்காதே. உன் வாசல்படி ஏற மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் அதே பேச்சுதான். நீயும் இங்கே வர வேண்டாம். அவரவர் வீட்டில் அவரவர் இருப்போம்.

மூத்தவள் ஆசீர்வாதம் சொல்லாமல் முடிக்கக் கூடாது. நோய்நொடி இல்லாமல், நல்ல தொண்டையோடு, என்னைவிட அதிக காலம் நீ இருக்க வேண்டும். கோபம் தீராமல்தான் இதைச் சொல்கிறேன், ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான். உன் வீட்டில் பூனை இருந்தால் அதையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அக்கா.

பின்குறிப்பு: மடித்து உறையில் போட்டு ஒட்டிய பிறகுதான் பார்க்கிறேன், மேலே எழுத உன் விலாசம் என்னிடம் இல்லை; ஒட்டியதைத் திரும்பப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஃபேன் ரிப்பேர்காரர் ஒரு தடவை உன்னை ஒரு தெருவில் பார்த்ததாகச் சொன்னார், அந்தத் தெரு மட்டும்தான் தெரியும். அதனால் நாளைக்குப் பகல் வண்டியில் நானே இதை எடுத்துக்கொண்டு வருகிறேன். எந்த வீடு என்று தெரியாது, யாரிடமும் கேட்கப் போவதும் இல்லை, கேட்டால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள். தெருமுனையில் ஆரம்பித்து ஒவ்வொரு வாசலிலும் நின்று, சின்ன வயதில் உன்னைக் கூப்பிட்ட பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வருவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உன் அளவுக்குத் தொண்டை எனக்குக் கிடையாது, ஆனாலும் தெருக்கோடி வரை கேட்கும். மெதுவாகத்தான் நடப்பேன். தெரு முடிவதற்குள் கதவைத் திறந்துவிடு.