திங்கட்கிழமைக் கையெழுத்து

டீச்சரம்மா பழக்கதோஷத்தில் வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டார். உள்ளறையில் பீரோவுக்குள் தலையை விட்டு அதன் பூட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த சாவிக்காரனை அவர் அடியோடு மறந்து போனார்.

சாவிக்காரன் ஹாலுக்கு ஓடிவந்து கைப்பிடியைத் திருகிப் பார்த்தான். அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபது.

திங்கட்கிழமைதோறும் பதினோரு மணிக்குள் அவன் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒரு காலத்தில் ஊரில் அவன் கை படாத பூட்டே கிடையாது. ஜெயிலிலிருந்து வெளியே வந்து இரண்டரை வருஷமாகிறது. வந்த அன்றே கோர்ட்டு போட்ட நிபந்தனை இது. ஒரு வாரம் தவறினாலும் மறுபடி உள்ளே. இது எத்தனை நாளைக்கு என்று அவன் யாரையும் கேட்டதில்லை. கேட்டு, ஆயுசுக்கும் என்று சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது?

போதாக்குறைக்கு இன்றைக்கு இன்னொரு காரியமும் இருந்தது. அவன் சட்டைப் பையில் ஒரு புதுச் சாவி. அவன் வீட்டுச் சாவிதான். இரண்டு நாள் உட்கார்ந்து அரத்தால் ராவி, பளபளவென்று தேய்த்து வைத்திருந்தான். அதை இன்ஸ்பெக்டர் மேடம் கையில் கொடுத்து மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவது என்று முடிவு.

ஸ்டேஷனில் அவனை "வாங்க, உக்காருங்க" என்று சொல்லும் ஒரே ஆள் அவள்தான். மேஜை இழுப்பறையிலிருந்து பதிவேட்டைத் தானே எடுத்து விரிப்பாள். பேனா மூடியையும் கழற்றித் தருவாள். அட்டையில் ரோஜாப்பூ போட்ட அந்தப் பதிவேட்டில் அவன் கையெழுத்தைத் தவிர வேறு யாருடையதும் கிடையாது. ஊரிலேயே திருந்தியவன் தான் ஒருவன்தான் என்று அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்தக் கதவைத் திறக்க அவனுக்கு ஒரு கம்பியும் அரை நிமிஷமும் போதும். ஆனால் சாவிக்கடை போட்ட அன்றைக்கே அவள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"வீட்டுக்காரங்க பக்கத்துல நிக்காம எந்தப் பூட்டையும் தொடக் கூடாது. தொட்டீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க."

சாவிக்காரன் பூட்டைப் பார்த்தான். படு மட்டமான பூட்டு. ஊதினாலே திறந்துகொள்ளும் போலிருந்தது. கை தன்பாட்டுக்கு முன்னால் போக, அதை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அண்ணே! அக்கா! யாராவது இருக்கீங்களா?"

கதவைத் தட்டித் தட்டிக் கைதான் வலித்தது. எதிர்வீட்டில் தையல்காரரின் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. செல்போனோ கடையில் சார்ஜில் கிடந்தது. மணி பத்து முப்பது.

செய்த சத்தியத்தை மனசுக்குள் ஒருமுறை நிதானமாய் ஓட்டிப் பார்த்தான். பூட்டைத் தொடக் கூடாது, சரி. ஜன்னலைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லையே!

படுக்கையறை ஜன்னல் கம்பிச் சட்டத்தின் நான்கு திருகாணிகளையும் கழற்றினான். சாயங்காலம் வந்து மாட்டிக் கொடுத்துவிடலாம் என்று சட்டத்தைப் பதமாய்ச் சுவரில் சாய்த்தான். தலை போனது. தோள் போனது. அதற்கு மேல் போகமாட்டேன் என்றது. இதைவிடச் சின்ன சந்துகளில் எல்லாம் புகுந்து வந்த உடம்புதான். யோக்கியமாய்ச் சம்பாதித்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, தொப்பை விழுந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா தையல் மிஷின் நிற்க வேண்டும்?

"திருடன்! திருடன்!"

கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர் ஓடி வந்தார். பின்னாலேயே சலூன்காரரும், பாதி முகம் மழித்தபடி அவருடைய வாடிக்கைக்காரரும், இன்னும் ஏழெட்டுப் பேரும். ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததில் சாவிக்காரன் பூந்தொட்டியோடு சேர்ந்து தரையில் வந்து விழுந்தான்.

"ஐயோ, நான் திருட வரலீங்க! டீச்சரம்மா என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க."

"நீதான் சாவிக்காரனாச்சே. கதவைத் திறந்துக்கிட்டு வர்றதுக்கென்ன கேடு?" என்றார் தையல்காரர்.

"வீட்டுக்காரங்க இல்லாம பூட்டைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஓஹோ! ஜன்னலைப் பேத்தா சத்தியத்துல சேராதோ?"

"அதைத்தாங்க நானும் யோசிச்சேன்" என்று உண்மையை உளறி வைத்தான் சாவிக்காரன்.

தையல்காரர் அளவு நாடாவால் அவன் கையைக் கட்டி, சட்டைப் பையைத் துழாவினார். புதுச் சாவி வெயிலில் மின்னியது.

"பார்த்தீங்களா, கள்ளச்சாவி!"

டீச்சரம்மா வீட்டுக் கதவில் போட்டுப் பார்த்தார்கள். சேரவில்லை. அப்படியானால் நம் வீட்டுக்குத்தான் செய்திருக்கிறான் என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டு சாவியை எடுத்துப் போய்த் தங்கள் கதவில் திருகிப் பார்த்தார்கள். தெருவில் ஒரு கதவும் மசியவில்லை. சலூன்காரருக்கு அதில் வருத்தம்கூட. மணி பத்து ஐம்பது.

"உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், எல்லாத்தையும் அப்புறம் பாருங்க. முதல்ல என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. லேட்டாகுது, ஓடலாம் வாங்க!"

ஸ்டேஷனுக்கு இத்தனை அவசரப்படும் திருடனை அவர்கள் பார்த்ததில்லை. பிடிபட்டவன் முன்னால் ஓட, நாடாவின் மறுமுனையில் தையல்காரர் இழுபட, பிடித்தவர்கள் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

ஸ்டேஷன் கடிகாரம் பதினொன்று இரண்டு காட்டியது. போச்சு, எல்லாம் போச்சு.

இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. தையல்காரர் நடந்ததைக் கொட்டித் தீர்த்தார். அவள் சாவிக்காரனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பூட்டைத் தொட்டீங்களா?"

"இல்ல மேடம்."

ஏட்டு பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார். "ஐயையோ! அவரை உள்ளயே விட்டுட்டா வந்துட்டேன்?" என்று டீச்சரம்மா அலறியது போனைத் தாண்டி எல்லாருக்கும் கேட்டது. தையல்காரர் அசடு வழிய நாடாவை அவிழ்த்தார்.

"அப்ப இந்தச் சாவி?" என்று சலூன்காரர் விடவில்லை. "தெருவுல ஒரு வீட்டுக்கும் சேரலையே?"

அவள் சாவியை வாங்கிப் பார்த்தாள். "இது எந்த வீட்டுச் சாவி?"

சொன்னால் ஊர் சிரிக்கும், அவளுக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால் கம்பி எண்ண வேண்டும்.

"என் வீட்டுச் சாவி மேடம். ரெண்டாவது சாவி."

"தனியாத்தானே இருக்கீங்க? ரெண்டாவது யாருக்கு?"

"அவங்களை... இன்னும் கேக்கலைங்க."

பாதி முகம் மழித்தவர் "ம்ம்ம்..." என்று இழுத்தார்.

அவள் சாவியைப் பழுப்பு உறையில் போட்டு ஒட்டினாள். உறையைத் தன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். "இதைத் தனியா விசாரிக்கணும். எல்லாரும் கிளம்புங்க."

பதிவேட்டை மேஜையில் வைத்துவிட்டு, அவனைப் பார்க்காமல் விடுவிடுவென்று உள்ளறைக்குப் போய்விட்டாள். பேனா மூடியைக்கூடக் கழற்றித் தரவில்லை.

சாவிக்காரன் தானே மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் நின்ற ஏட்டிடம் கெஞ்சினான்.

"ரெண்டே நிமிஷம்தானே ஏட்டய்யா லேட்டு? கோர்ட்டுக்கு எழுதிப் போட்டுடுவாங்களா?"

ஏட்டு உள்ளறைக் கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்தக் கோர்ட்டுக்குய்யா எழுதறது? உன் கெடு முடிஞ்சு ஒன்றரை வருஷமாச்சு. இந்த ரோஜாப்பூ நோட்டை மேடமே கடையில வாங்கி, ஞாயித்துக்கிழமை தவறாம உக்காந்து கோடு போட்டு வைக்கிறாங்க!"